கள் இறங்கும் வரை

பெருமாயி செத்துப்போன புருசனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

கோழி கூப்பிடும்போது சென்றாயனின் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஊர்க்கவுண்டர் காளியண்ணனைத்தான் முதலில் எழுப்பினாள். வந்து தொட்டுப் பார்த்தவர், அவள் ஓலமிட வாயைத் திறந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அழுவாத கண்ணு. நீ அழுதா எழவு விழுந்ததா ஆயிரும். அப்பறம் பொணம் மண்ணுக்குள்ள போற வரைக்கும் சின்னக்கண்ணு கள்ளெறக்க மரம் ஏற மாட்டான்."

"ஏறாட்டிப் போறான். இன்னிக்கு எவனுக்குங்க மாமா கள்ளு?"

"குழிக்கு. கள்ளு ஊத்தாம எவன் கடப்பாரையத் தொடுவான்? நேத்து எறக்குனத உம்புருசனும் அவன் கூட்டாளிங்களும் அடிப்பானை வரைக்கும் வழிச்சுட்டாங்க."

குழி வெட்டுமுன் ஒரு கொட்டாங்கச்சிக் கள் மண்ணுக்கு, அடுத்தது வெட்டுகிறவனுக்கு. இழவு விழுந்த ஊரில் கள் வடியும் பாளையில் கத்தி படக்கூடாது. இரண்டும் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். இரண்டும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று எந்தப் பாட்டனும் யோசிக்கவில்லை. அவர்கள் காலத்தில் பானையில் எப்போதும் கள் மிஞ்சியிருக்கும் போல. மலைக்கு அந்தப் பக்கம் பெரக்கரை நாட்டுக்கு ஆள் அனுப்பி வாங்கிவரலாமென்றால் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய மாரியாயிக்குக் காப்புக் கட்டு; கட்டியபின் ஊருக்குள் பிணம் கிடக்கக்கூடாது. அதற்குள் குழி தயாராகாவிட்டால் பிணத்தை எல்லைக்கு அப்பால் போட்டுக் கல்லை அடுக்கி மூடிவிட்டு வந்துவிடுவார்கள்.

"அதனால இவன் இன்னும் சாவுல. புரியுதா?" என்றார் காளியண்ணன்.

"நல்லாப் புரியுது. ஒருநாளும் நேரத்துக்கு எதையும் செஞ்சவனில்ல. இதையும் கெடுத்துட்டுப் போயிருக்கறான்."

இருபது வருசமாகச் சின்னக்கண்ணுவின் கள்ளுக்கடை வாசலில் அவள் மொச்சை தாளித்தாள். உள்ளே சென்றாயன் பம்பை அடித்துப் பாடினான். டோலியில் மலையேறி வந்த துரையைப் பாடுவான், ஊர்க்கவுண்டரின் கழுத்து மச்சத்தைப் பாடுவான், எதுவும் கிடைக்காவிட்டால் பெருமாயியின் மொச்சையைப் பாடுவான். உப்பு ஒரு கல் குறைந்தாலும் போதும். அன்றைக்கு அதுதான் பாட்டு. கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சேந்தமங்கலம் சந்தையிலிருந்து தலையில் சுமந்து வந்த உப்பு; கொட்டவா முடியும்? வீட்டுக்குக் கூப்பிட்டால், "ஒரே பாட்டு, இந்தா வாரேன்" என்பான். நேற்றும் அதையே சொன்னான். பிறகு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்து படுத்தான்.

காளியண்ணன் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"அடுப்புப் பத்த வை. பொகையில்லாத ஊட்டப் பாத்தா சின்னக்கண்ணு கண்டுக்குவான்."

"பொணத்தப் பக்கத்துல போட்டுட்டுப் பொங்கச் சொல்றீங்களா?"

"பொணம்னு சொல்லாத."

"வேற என்னன்னுங்க சொல்றது? மாப்பிள்ளைன்னு சொல்லட்டுமா?"

அவர் வேலியோரம் நகர்ந்தார். கடைக்கென்று ராத்திரியே ஊறப்போட்ட மொச்சை சட்டியில் உப்பிக் கிடந்தது. அதையே அடுப்பில் ஏற்றினாள். ஈர விறகு. ஊதி ஊதிக் கண் எரிந்தது. புகைக்குத்தான் எரிந்தது.

குழி வெட்ட வந்த நாலு பேரும் வேலியோரம் குந்தியிருந்தார்கள்.

"ஏனுங்க அக்கா, மொளகு கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்றான் ஒருவன்.

"போடறேன். வாயத் தெறந்து வெச்சுட்டு வா, கொதிக்கக் கொதிக்கப் போடறேன்."

வெயில் ஏறியபின் சின்னக்கண்ணு வந்தான். இடுப்பில் பாளைக்கத்தி. வீட்டுக்குள் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு கூந்தற்பனையைப் பார்த்து நின்றான்.

"ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசிக்கறாங்க. மாமன் எப்படி இருக்காரு?"

"படுத்திருக்கறாரு."

"கஞ்சி குடிச்சாரா?"

"என்னைக்குக் காலைல குடிச்சிருக்கறாரு?"

அவன் காலால் மண்ணைக் கீறினான்.

"நீ சொல்லுக்கா. ஊர் பேச்சுக்கு நான் ஏற மாட்டேன். நீ உசுரு இருக்குதுன்னு சொன்னா ஏறிக்கறேன்."

வேலியோரம் காளியண்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். பெருமாயி பாயைப் பார்த்தாள். கன்னத்தில் ஓர் ஈ. விசிறியால் ஓட்டினாள்.

"இருக்குது. போய் ஏறு."

சின்னக்கண்ணு திரும்பிப் பார்க்காமல் போனான்.

மொச்சை வெந்தது. மிளகைத் தட்டிப் போட்டாள். சென்றாயனின் வேட்டியை இழுத்துவிட்டாள். சுவரில் தொங்கிய பம்பையை எடுத்து அவன் தலைமாட்டில் வைத்தாள். இந்த ஊரில் இழவுக்கு அடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். அதற்கும் இன்று ஆளில்லை.

பானை தோளில் நுரைக்க நுரைக்கச் சின்னக்கண்ணு வந்து வாசலில் இறக்கினான். இப்போதுதான் உள்ளே பார்த்தான்.

"எப்பக்கா போச்சு?"

"இப்பத்தான்."

"அழுவு கண்ணு" என்றார் காளியண்ணன். "இனி அழுவலாம்."

பெருமாயி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நிற்பைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"சட்டிய எறக்குங்க, அடி புடிக்குது" என்றாள்.

முதல் கள்ளை மண்ணில் ஊற்ற அந்த நால்வரும் பானையோடு கொல்லைக்குப் போனார்கள். இலையில் மொச்சையும் வாங்கிக்கொண்டார்கள். தின்றார்கள், குடித்தார்கள், இன்னொரு கை கேட்டார்கள். சின்னக்கண்ணுவும் தின்றான். காளியண்ணனும் தின்றார். கடப்பாரை பாறையில் மோதும் சத்தம் கேட்டது.

சட்டியில் ஒட்டியிருந்த ஒரு மொச்சையை எடுத்து அவள் வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

உப்பே போடவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தாள். இலைகள் வழித்துக் கிடந்தன. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

கலயத்திலிருந்து உப்பு எடுத்தாள். ஒரு சிட்டிகை எடுத்தவள், மறுபடி கையைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். சட்டியில் மிஞ்சியதில் போட்டுக் கிளறி, ஓர் இலையில் வழித்து, பம்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள்.