முன்கண்ணாடியின் ரப்பர்

சகாதா துறைமுகத்துக் கடையொன்றில் முப்பத்திரண்டு வருஷம் வண்டிகளுக்குக் கண்ணாடி மாட்டியவர் கன்ஜி. ஆனால் அவர் மகன் தாக்குமாவின் பழைய காரில், மழை பெய்தால் முன்கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் ஒழுகியது. ரப்பரை மாற்றித் தரச் சொல்லி அவன் கேட்டான். நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தத் தகரத்தை வாங்கினானே என்ற எரிச்சல் அவருக்கு. ஓட்டை வண்டியை வாங்கத் தெரிந்தவனுக்கு அடைக்கவும் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஏழு மாதம் கழித்து, இருபத்தொன்பது வயதில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அவன் இறந்துபோனான்.

ஒரு வருஷமாக வண்டி வீட்டு வாசலில் நின்றது. இருக்கையில் பூஞ்சை பிடிக்கிறது, அடுத்த மழைக்குத் தாங்காது என்று மனைவி கிக்குவெ சொன்னாள். கன்ஜி புது ரப்பருக்கு எழுதிப் போட்டார்.

அது வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்ணாடி ஓரத்து வெள்ளி நிறப் பட்டையை நெளியாமல் உருவி எடுத்தார். ஓடுபோல் இறுகியிருந்த பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்தார். அவரும் கிக்குவெயும் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கிப் புல்மேல் வைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடி இருந்த சட்டத்தின் கீழ்விளிம்பு நெடுக யாரோ கறுப்புப் பசையை அப்பியிருந்தார்கள். வேலை தெரியாத கை. பசை காயும் முன் அழுத்தித் தேய்த்த விரல்களின் ரேகை அதில் அச்சாகப் பதிந்திருந்தது.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?"

அவர் கையால் காட்டினார். கிக்குவெ குனிந்து பார்த்தாள். ஒரு தடத்தில் தன் விரலை வைத்தாள். அது அவள் விரலைவிடப் பெரியது.

"இதை அடைக்கறப்ப எனக்குப் போன் பண்ணினான்," என்றாள். "அப்பா என்ன தடவுவாருன்னு கேட்டுச் சொல்லும்மான்னான். நான் உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க டி.வி.யில பேஸ்பால் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. சத்தத்தைக் கூட்டி வச்சீங்க."

கன்ஜிக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பசையைச் சுரண்டாமல் புது ரப்பர் உட்காராது. அடியில் துரு அரிக்கத் தொடங்கியிருந்தது. இதை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"சுரண்டிடுங்க," என்றாள் கிக்குவெ. "ஒழுகறது நிக்கணும்னுதானே அவனும் பாடுபட்டான்."

அரை மணி நேர வேலைக்கு மத்தியானம்வரை ஆயிற்று. ரேகை உதிர்ந்து தரையில் விழுந்ததை அவர் பெருக்கவில்லை.

பிறகு கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் பூட்டி, அதன் பள்ளத்தில் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவினார். இருவருமாக அதைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தார்கள். கிக்குவெ வண்டிக்குள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க, அவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். அங்குலம் அங்குலமாக ரப்பர் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. வெள்ளிப் பட்டையையும் பதித்து முடித்தார்.

சோதிக்க ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீரைத் திறந்தார். கண்ணாடிமேல் தண்ணீர் வழிந்தோடியது. உள்ளே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. கிக்குவெ காய்ந்த இருக்கையைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

கன்ஜி குழாயை மூடவில்லை. நனைந்த முகத்தோடு, வெகுநேரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நின்றார்.