வாத்து போர்த்திவிட்ட பொம்மைகள்

காலை ஒன்பதரை மணி. குழந்தைகள் காப்பகத்தில் யாரும் தூங்குகிற நேரமல்ல. ஆனால் பொம்மைகள் சுவரோரம் வரிசையாகப் படுத்திருந்தன. கழுத்துவரை துணி போர்த்தியிருந்தது.

ஆயா முதல் துணியை விலக்கினாள். கரடியின் முகமெங்கும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாப் புள்ளிகள். அடுத்தது முயல். அதற்கும். பிறகு யானை.

“யார் பார்த்த வேலை இது?”

கேட்டிருக்கவே வேண்டாம். வாத்து கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். நாலு வயது. நடையால் வந்த பெயர்.

“அம்மை போட்டிருக்கு. சத்தம் போடாதீங்க ஆயாம்மா.”

போன வருடம் வாத்துக்குச் சின்னம்மை வந்து போயிருந்தது. அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை. “உத்தரவு டாக்டரம்மா” என்று ஆயா பொம்மைகளை ஈரத்துணியால் துடைத்தாள். கறை போவேனா என்றது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொம்மை. அந்த வாரமே கரடிக்குச் சொந்தக்காரன் வரவில்லை. முதுகெல்லாம் கொப்புளம் என்று அவன் அம்மா போனில் சொன்னாள்.

ஆயாவின் பெண் குழந்தைக்கு ஐந்து மாதம். காப்பகத்து மூலைத் தொட்டிலில்தான் பகல் முழுக்கக் கிடப்பாள். ஆயா அன்றே பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஓடினாள்.

“இப்பவே ஊசி போட்டுட முடியாதா சிஸ்டர்?”

“ஒரு வயசு முடியட்டும். அம்மாகிட்டயிருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்புல இருக்கும்போது போட்டா, ஊசி சரியாப் பிடிக்காது. உங்களுக்கு அம்மை வந்திருக்கா?”

ஆயா முடியை ஒதுக்கி நெற்றித் தழும்பைக் காட்டினாள்.

“அப்போ இவளுக்கும் கொஞ்சம் காவல் இருக்கும். போகப்போகக் குறைஞ்சுடும். அதை நம்பி நோய் இருக்கற இடத்துல வைக்காதீங்க. கொப்புளம் தெரியறதுக்கு முன்னாடியே பரவும்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை ஆயா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொட்டிலுக்கு வேறு இடமும் இல்லை.

இரண்டு வாரம் ஒன்றுமில்லை. பிறகு முயல் படுத்தது. மறுநாள் யானை. காப்பகத்தில் இப்போது பிள்ளைகளை அவரவர் பொம்மையின் பெயரால்தான் சொன்னார்கள். புள்ளி இல்லாத பொம்மைகளும் அலமாரியில் இருந்தன. அந்தப் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். ஊசி போட்டவர்கள். அது வாத்துக்கு எப்படித் தெரியும் என்று ஆயா யோசித்தாள். யோசிக்காமல் இருக்கவும் பார்த்தாள்.

மதியம் பாய்களை விரித்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

“இங்க ஒவ்வொண்ணா விழுதுங்க அக்கா. நல்லவேளை, எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு.”

“உனக்கா? எனக்குத்தான்டி வந்துச்சு. உனக்கு ஒட்டிடக் கூடாதுன்னு அத்தை வீட்டுல கொண்டுபோய் விட்டாங்களே.”

“அப்போ நெத்தித் தழும்பு?”

அக்கா சிரித்தாள். “அது நான் கட்டில்லேர்ந்து தள்ளிவிட்டது. நீ அம்மாகிட்டப் போட்டுக் குடுத்துடுவேன்னு, அம்மை வந்த தழும்புன்னு உன்கிட்ட அளந்துவிட்டேன். இத்தனை வருஷமாவா நம்பிட்டு இருக்கே, லூசு?”

ஆயாவும் சிரித்தாள். பாதியில் நின்றது.

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றி சூடாக இல்லை. ஆயா திரும்பிப் பார்த்தாள். பாய்களில் பிள்ளைகள் விழித்தபடி படுத்திருந்தார்கள். ஒருவரும் சொறியவில்லை. எல்லா முகமும் சுத்தமாக இருந்தது. கொப்புளம் தெரிவதற்கு முன்பே பரவும் என்று நர்ஸ் சொன்னது இப்போதுதான் உறைத்தது.

உடனே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் திட்டவில்லை. “ரெண்டு பேரும் உடனே வாங்க. உள்ள வந்துடாதீங்க, வாசல்ல நின்னு கூப்பிடுங்க. என்ன செய்யலாம்னு டாக்டர் பார்ப்பார்.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பால் புட்டி, மாற்றுத் துணி. தொட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தபோது கூடவே ஒரு துணி வந்தது.

அதன் கீழே ஒரு பெரிய துணிப் பொம்மை. யாருடையதும் அல்ல. முகமெல்லாம் புள்ளி. நெற்றியில் மட்டும் நீலத்தில் ஒரு கோடு, ஆயாவின் தழும்பு இருக்கும் அதே இடத்தில். அதன் மார்பில் விரலளவு பொம்மை ஒன்று, முகம் புதைத்துப் படுத்திருந்தது. சிவப்பு மை நன்றாகக் காய்ந்திருந்தது.

ஆயாவின் கை நீண்டது. தொடவில்லை.

பின்னால் பாய் சரசரத்தது. அந்த நடையை அவளுக்குத் தெரியும்.

“வாத்து… கண்ணு… குட்டிப் பொம்மைக்கும் புள்ளி வெச்சியா?”

வாத்து தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு ஆயாவைப் பார்த்தாள்.

“திருப்பிப் பாருங்களேன் ஆயாம்மா. ஏன் பயப்படறீங்க?”