மதாம் வீட்டு நாலு தூண்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தக அலமாரிக்குப் பலகை தேடி ரெட்டியார்பாளையம் பக்கம் அலைந்தேன். பலகை கிடைக்கவில்லை. ஒரு காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தேன். தரையில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டங்கள். அதன்மேல் சக்கரத்தில் ஓடும் பழைய ரம்ப இயந்திரம். நடுவே, கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமனில் ஒரு வெள்ளை மரம். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனது ஒரு பெண். புடவைமேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். பலகை பிரிந்து சாய்ந்ததும் யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பெயர், புருஷன், தூண், தப்பு எல்லாமே. அந்தப் பெண் இதைப் படித்தால் என்னைத் தேடி வந்து சண்டை போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2

ஆரம்பிப்பதுதான் பெரிய பாடு. பாருங்கள்:

பிரான்சு நாட்டு மலைக்காட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த மரம் தன்

(வேண்டாம். நான் பனியைப் பார்த்ததே இல்லை. மார்கழி ஈரக்காற்றுக்கே மப்ளர் தேடுகிற ஆள்.)

ஆணின் உலகம் என்று கருதப்பட்ட மரத்தொழிலில் துணிச்சலுடன் அடியெடுத்து வைத்த சரிதா

(சேச்சே. இது பாராட்டு விழாப் பேச்சு. சால்வை ஒன்றுதான் குறை.)

சரிதா வேலையை விட்டுவிட்டாள்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதிலிருந்தே போவோம்.

3

சரிதா வேலையை விட்டுவிட்டாள். முதலியார்பேட்டையில் ஒரு மரக்கடை. அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பல வருஷமாக பில் போட்டவள். அப்பா வீடு வில்லியனூருக்கு அந்தப் பக்கம், நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். மரக்கடைக்குள் வண்டி நிறைய மரம் வரும், போகும். ஒன்றையும் அவள் தொட்டதில்லை. ஈர மரத்தின் வாசனை மட்டும் தடுப்பைத் தாண்டி வரும். அந்த வாசனைக்கே அவளுக்கு மனசு நிறைந்துபோகும்.

இயந்திரம் தொமினிக் என்பவருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊருக்குத் திரும்பும்போது சாமான்களோடு அதையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். வீட்டுக்கான ஜன்னலைத் தானே அறுத்துக்கொள்வதாகத் திட்டம். ஒரு ஜன்னல்கூட ஆகவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்ததைச் சரிதா கேட்டு வாங்கினாள்.

மரக்கடை முதலாளி நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் சொல்லும் வார்த்தைதான் சில சமயம் உறுத்தும். "ஒரு வேலைய எடுத்து முடிச்சிப் பாரும்மா. சரிப்படலன்னா வந்துடு, உன் நாற்காலி இங்கயேதான் இருக்கும்," என்றார். சரிதா அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். முதல் வேலை சொதப்பினால் வேறு வேலை வராது. வராவிட்டால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான்.

* புருஷன் செல்வகுமாரைப் பற்றி ஒரு வார்த்தை. இவரைத்தான் வில்லனாக்கலாம் என்று நினைத்திருந்தேன். "பொம்பளைக்கு எதுக்குடி ரம்பம்" என்று ஒரு வசனம்கூட எழுதினேன். ஆனால் அந்த ஆள் வாயில் அது ஒட்டவே இல்லை. எழுத எழுத, டீ போட எழுந்து போனார். லீவு நாளில் கடப்பாரை எடுத்துக்கொண்டு மரம் புரட்ட வந்து நின்றார். சரி, நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதனால் வந்த வினையைப் பின்னால் பார்ப்பீர்கள்.

4

முதல் வேலை கொடுத்தது ஜாக்லின் மதாம். கணவரோடு பிரான்சில் பாதி ஆயுசு இருந்துவிட்டு, அவர் காலமான பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். உள்வாசலைச் சுற்றிய வெராந்தாவுக்கு நாலு தூண் வேண்டும். அதுவும் எபிசேயாவில்தான் வேண்டும். நம் மரக்கடைகளில் ஸ்ப்ரூஸ் என்பார்கள், குளிர்நாட்டு ஊசியிலை மரம். ஐரோப்பாவிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கிய பெரிய மரம் ஒன்றை மதாமே தேடிப் பிடித்து, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து வாங்கியிருந்தார்.

(கரையான் என்ன செய்யும், கடல்காற்று என்ன செய்யும் என்று மர வியாபாரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். மருந்து அடித்து, எண்ணெய் பூசியாகிவிட்டது. கதைக்குள் கரையானை விடமாட்டேன்.)

"ஒண்ணே ஒண்ணுதான் சரிதா," என்றார் மதாம். "அடி கீழ இருக்கணும், நுனி மேல இருக்கணும். தலைகீழா நட்டா அந்த வீட்டுல நான் படுக்கமாட்டேன்."

"தெரியும் மதாம். எங்க ஊட்டுலயும் அப்டிதான்."

"எங்க தம்பி தெயோ சிரிப்பான். ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குப் போற பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேப்பான். பூச பூசதான், தூண் தூண்தான். எங்க அம்மா அப்டிதான் கட்டுனாங்க, எங்க ஆயா அப்டிதான் கட்டுனாங்க."

மரம் நின்றபடியே தூணும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் தரையில், கிளைப்பக்கம் கூரையில். இந்த விஷயத்தில் மதாமுக்கும் சரிதா குடும்பத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. முழு மரமாக இருக்கும்வரை அடி எது என்று குழந்தையும் சொல்லும், பருத்த பக்கம் அடி. சதுரமாக அறுத்துவிட்டால் இரண்டு முனையும் ஒன்றுதான். அதனால் அறுக்கும் முன்பே அடிப்பக்க முகத்தில் அடையாளம் வைப்பார்கள். சரிதா சிவப்பு பெயிண்டை அப்பி வைத்தாள். மரம் நாலு தூணாகப் பிரிந்தாலும் நாலின் அடியிலும் சிவப்பு இருக்குமல்லவா.

5

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் கயிற்றை இழுத்தாள். இருமியது. மறுபடி இழுத்தாள். தொமினிக்கின் கிழட்டு இயந்திரம் பிரெஞ்சில் ஏதோ திட்டிவிட்டு ஓட ஆரம்பித்தது. வார் போன்ற ரம்பத்தின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவேண்டும், இல்லையென்றால் பிசின் ஒட்டிக்கொண்டு ரம்பம் வளைந்து ஓடும். குழாயைத் திறந்தாள், இரண்டு கையாலும் தள்ளினாள். அவசரப்பட்டால் பலகை அலையடிக்கும். தயங்கினால் ரம்பம் சூடாகும். அந்த நடுவாந்தரமான நடை அவள் காலுக்குத் தானாகவே வந்தது. முதல் முதுகுப்பட்டை பிரிந்து விழுந்தபோது உள்ளே பாலாடை நிறத்தில் மரம் தெரிந்தது. வாசனை குப்பென்று ஏறியது. எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பில் போட்ட அத்தனை வருஷமும் இதற்காகத்தான் காத்திருந்தோம் என்று சரிதாவுக்குத் தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, கடப்பாரையோடு நின்ற செல்வகுமாரிடம் அடுத்த பக்கத்துக்கு மரத்தைப் புரட்டச் சொன்னாள்.

"என்னா சரிதா, தூசு போய்ட்ச்சா கண்ணுல?" என்றார் செல்வகுமார்.

"ஆமா, ஆமா. நீங்க கடப்பாரைய அமுக்குங்க."

நாலு தூணும் தயாராகின. ஒரு கோணல் இல்லை. சரிதா பெட்ரோல் வாங்கப் போனாள். கன்டெய்னரில் காய்ந்ததில் முனைகள் வெடித்திருந்தன. செல்வகுமார் பார்த்தார். அசிங்கமாக இருக்கிறதே, அவள் வருவதற்குள் முடித்துவைப்போம் என்று எல்லா முனையிலும் ஒரு சாண் நறுக்கிவிட்டார். வண்டியில் ஏற்றத் தோதாக மாற்றி மாற்றி அடுக்கினார். நறுக்கிய துண்டுகளை அடுப்பில் வைத்து டீயும் போட்டார்.

சரிதா வந்தாள். டீயைக் கையில் வாங்கினாள். தூண்களைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். எரிகிற துண்டில் சிவப்பு பெயிண்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க," என்றாள். நாலு தூணிலும் அடி எது, நுனி எது என்று காட்ட இனி ஒன்றும் இல்லை.

(இதற்காகத்தான் சொன்னேன். அந்த ஆளை வில்லனாகவே வைத்திருந்தால் டீ போட வந்திருக்கமாட்டார்.)

6

இங்கே கதையை நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். சரிதா நிறுத்தவில்லை. தூணைத் தடவிக்கொண்டே போய் ஒரு கணுவில் விரலை வைத்தாள். கணு என்பது கிளை புறப்பட்ட இடம். வேப்பமரமோ பூவரசோ, கிளை மேல்நோக்கித்தான் போகும். அப்படியானால் கணு சாய்ந்த பக்கம் நுனி, மறுபக்கம் அடி. ஒவ்வொரு தூணாகக் கணு பார்த்துப் புதிதாகச் சிவப்பு வைத்தாள். செல்வகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தூண்கள் நட்டாயிற்று. மதாம் கையைத் தட்டினார். "மெர்சி சரிதா, மெர்சி" என்று கட்டிக்கொண்டார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். செல்வகுமார் தன் பங்குக்கு வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். மதாமின் சிநேகிதிகள் இரண்டு பேர் தூணைத் தட்டிப்பார்த்துவிட்டு, தங்கள் வீட்டு மாடிப்படிக்கு வந்து அளவெடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானம் எல்லாருக்கும் அங்கேயே சாப்பாடு. இறால் குழம்பு, வறுத்த மீன், கடைசியில் கத்தோ என்கிற பிரெஞ்சு கேக்.

கத்தோவை விழுங்கிக்கொண்டே மதாமின் தம்பி தெயோ, பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவர், போனை நீட்டினார். "இதோ பார் சரிதா, எங்க ஊட்டுப் பின்னாடி நிக்கிற எபிசேயா. உன் தூணுக்கு அண்ணன் தம்பின்னு வெச்சிக்கயேன்."

வானத்துக்கு வளர்ந்த மரம். அதன் கிளைகள் எல்லாம், மேலிருந்து கீழ்வரை, தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏன் இப்டித் தொங்குது?"

"பனி விழும்ல. மேல தூக்கிகினு நின்னா பாரம் தாங்காம ஒடிஞ்சிப் பூடும். இப்டித் தொங்குனா பனி வழுக்கி வுழுந்துடும்," என்று சொல்லிவிட்டு தெயோ இன்னொரு துண்டு கத்தோ எடுக்கப் போனார்.

சரிதாவின் வாயில் கத்தோ அப்படியே நின்றுவிட்டது. பனி விழாத ஊரில் பிறந்தவள் பனிமரத்தின் கணுவைப் படித்திருக்கிறாள். கிளை தொங்குமென்றால் நாலு தூணும் தலைகீழாக நிற்கின்றன.

* கிளை வெளியே தொங்கினாலும் தண்டுக்குள் எந்தச் சாய்வில் புறப்படுகிறது? எனக்குத் தெரியாது. ஒருவேளை சரியாகவே நிற்கலாம். கதாசிரியன் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) சரிதா வாயைத் திறக்கவில்லை. மாடிப்படிக்கு அளவெடுக்கப் போனாள். தொழில் ஓகோவென்று

இதை எழுதும்போது நாலு தூணும் என்னைப் பார்த்தன. அடித்துவிட்டேன்.

(ஆ) சரிதா சொன்னாள். மதாம் சிரித்து, "உன் மனசு நேரா இருக்கு, அது போதும்" என்று

சர்க்கரை அதிகம். மதாம் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. தலைகீழ்த் தூண் இருக்கும் வீட்டில் படுக்கமாட்டேன் என்றவர் அவர்.

(இ) சரிதா சொன்னாள். தூணைப் பிடுங்கச் சொன்னார்கள். சிநேகிதிகள் காதுக்குப் போயிற்று. சரிதா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்

இதை எழுதக் கை வரவில்லை. அந்தச் சிரிப்பை நான் சுவர்மேல் எட்டிப் பார்த்தவன்.

ஆக, அவளைக் கத்தோத் தட்டோடு அப்படியே உட்காரவைத்துவிட்டு நழுவலாம் என்று பேனாவை மூடினேன். அவள் உட்காரவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். செல்வகுமார் கண்ணால் "வேணாம்" என்று கெஞ்சியதைப் பார்த்தாள், பார்த்தும் எழுந்தாள். பயமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் அறுத்தது அவள் கை. முதல் தூணில் சாய்ந்து நின்று, கண்ணை மூடி வாசனை பிடித்துக்கொண்டிருந்த மதாம் எதிரில் போய் நின்றாள்.

"மதாம், ஒரு நிமிஷம். இந்தத் தூண் தலைகீழா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. தப்பு என்துதான்."

இதோடு நான் எழுந்துகொள்கிறேன். மதாமின் பதில் என்னிடம் இல்லை, மூன்று தடவை தேடியும் கிடைக்கவில்லை. மதாம் இடத்தில் நீங்கள் கொஞ்சம் அந்தத் தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். வீடு உங்களுடையது, படுக்கப்போவது நீங்கள். சரிதா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏதாவது சொல்லுங்கள்.