மதியத் தூக்கத்துக்கு ஒரு சத்தம்

ராமலட்சுமிக்குப் பாட்டும் தெரியாது, மேளமும் தெரியாது. சின்னச் சின்னச் சத்தங்களைப் பதிவு செய்து, கோத்து, மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற இடங்களில் மெல்ல ஒலிக்க விடுவாள். மூணாறில் ஓர் ஆஸ்பத்திரியின் டோக்கன் வரிசையில் அவள் செய்த மழைச்சத்தம் ஓடுகிறது. "மழை இல்லாத ஊரா இது, ஸ்பீக்கர் வச்சுக் கேக்க?" என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் கேலி செய்யாத ஆள் இல்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தத் தடவை எஸ்டேட் கிரெச்சுக்கு. தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற தகரக் கூரை அறை அது. மதியம் ஒன்றுகூடக் கண்ணை மூடாது. அந்தப் படைக்குத் தலைவி ராமலட்சுமியின் நான்கு வயது மகள் செல்வப்பிரியா. ஏழு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. அவள்தான் ராமலட்சுமிக்கு உயிர்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் கிரெச்சுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் மைக்கை வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஈ காக்கை இல்லை. வீட்டில் ஹெட்போனில் கேட்டால், தண்ணீருக்கு நடுவே ஒரு பெண்குரல்: "பாப்பா..." ஒரே ஒரு தடவை. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் யாரோ ஒருத்தி துணி துவைக்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். குரலில் அப்படி ஒரு வாஞ்சை! ஒன்றோடு விட மனம் வராமல் அதையே மூன்று இடங்களில் ஒட்டினாள்.

திங்கட்கிழமை தண்ணீர்ச்சத்தம் தொடங்கிய பத்தாவது நிமிடம் பிள்ளைகள் அத்தனையும் தூங்கிப்போயின. ராமலட்சுமிக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாப்பா..." என்றது ஸ்பீக்கர்.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ஆயா முத்துப்பேச்சியின் கை நின்றது. "யாரு சத்தம்டி இது?"

"ஓடையில பிடிச்சது மைனி. நேத்து உச்சியில."

"எத்தன தடவ கூப்ட்டுச்சு?"

"ஒருக்கத்தான். நாந்தான் மூணாப் போட்டிருக்கேன்."

"அடிப் பாவி!"

அப்போதுதான் ராமலட்சுமிக்கு உறைத்தது. மனிதர் என்றால் மூன்று தடவை கூப்பிடுவார்கள்; காத்து கருப்பு ஒரு தடவைக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது கூப்பாடு கேட்கும்வரை வாய் திறக்காதே என்று சொல்லித்தான் லயத்தில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். செல்வப்பிரியாவுக்கு அதை விரல் விட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

"பாப்பா..." இரண்டாவது தடவை. தூங்குகிற செல்வப்பிரியா கண்ணைத் திறக்காமலே இரண்டு விரலை நீட்டினாள்.

ராமலட்சுமி பாய்ந்து போய் வயரைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. போன உயிர் திரும்பி வந்தது. முத்துப்பேச்சி மாரைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். வெயிலில் கூரைத் தகரம் மட்டும் டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

"பாப்பா..."

ஓடைப் பக்கமிருந்து வந்தது. ஒரே தடவைதான். அதற்கு மேல் அதனால் கூப்பிட முடியாது. முன்னால் இரண்டு தடவை ராமலட்சுமி கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள்.

செல்வப்பிரியா மூன்றாவது விரலை நீட்டினாள். சிரித்தபடி எழுந்து உட்கார்ந்து, தாயைத் தாண்டிப் பின்கதவைப் பார்த்து, "இந்தா வாரேம்மா" என்றாள்.