அப்பாவுக்குப் போட்டுவிட்ட நீல ஸ்வெட்டர்

1
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வம்பில்லை. எழுதுகிறவளை 'அவள்' என்றே வைத்துக்கொள்வோம். 'நான்' என்று போட்டால் எல்லாம் நடந்ததுதான் என்று நம்பிவிடுவீர்கள். அவளே அப்படி நம்பித்தான் மாட்டிக்கொண்டாள்.

2
அவளுடைய அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். அவளுக்கு ஐந்து வயதாகும்போது இறந்துபோனார். அதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை, அவளை லிஃப்டில் ஏற்றி, தன் மடியில் உட்காரவைத்து

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். மடியா, ஸ்டூலா, தெரியவில்லை.]

பல வருடங்களுக்கு முன் இதையே ஒரு கதையாக எழுதினாள். அப்பாவுக்கு ஒரு நீல ஸ்வெட்டர் போட்டுவிட்டாள். பத்தி வெறிச்சென்று இருந்தது, வேறு காரணமில்லை. இப்போது கண்ணை மூடினால் ஸ்வெட்டர்தான் முதலில் வருகிறது. முகம் அப்புறம்தான், அதுவும் புகைப்படத்தில் இருக்கும் முகம். தான் எழுதாத அப்பாவை ஒரே ஒரு நிமிஷம் பார்த்தால் போதும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

3
சாட்சி என்று மிச்சமிருப்பது அக்கா மட்டுமே. நான்கு வயது மூத்தவள். அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, அப்பா என்னை லிஃப்டுல கூட்டிட்டுப் போனாரா?"

"போனாரே. அந்த நீல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு. கைப்பக்கம் நூல் பிரிஞ்சிருக்கும்."

நூல் பிரிந்ததும் அவள் எழுதியதுதான். கதையைப் படித்த அக்கா அதை ஞாபகத்தோடு சேர்த்து வைத்துவிட்டாள். இருந்த ஒரே சாட்சியையும் கெடுத்தாயிற்று.

[இங்கே உண்மையைப் போட்டு உடைத்து அக்காவை அழவைக்கிற ஒரு முடிவு எழுதினே... எழுதினாள். பிறகு கோடு போட்டு அடித்தும் விட்டாள்.]

4
அக்கா நிறுத்தவில்லை. "நான் படிக்கட்டுல ஓடி வருவேன்டி. கதவு திறக்கறதுக்குள்ள மேல வந்து நிப்பேன். அப்பா சிரிச்சுக்கிட்டே, 'பெரியவ ஜெயிச்சிட்டா'ம்பாரு."

இது அவளுடைய எந்தக் கதையிலும் இல்லை. அவள் எழுதிய அப்பாக்கள் ஒருவர்கூடச் சிரித்ததில்லை. எப்படிச் சிரிப்பார் என்று தெரியாததால் சிரிக்க விடவில்லை.

"எப்படிக்கா சிரிப்பாரு?"

அக்கா கேள்வியைத் திருப்பிவிட்டாள். "நீதானடி உள்ள அவர் பக்கத்துல இருந்தே. நீ பாத்திருப்பியே. நான் ஓடி வந்தது நெஜந்தானே?"

5
அவளுக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லை. 'ஆமா' என்றால் அக்காவுக்கு ஓர் அப்பா கிடைத்துவிடுவார். 'தெரியலக்கா' என்றால்

இதற்கு மேல் அவளால் ஆகாது. பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். எதைச் சொன்னாலும் சரி, சட்டென்று சொல்லுங்கள். யோசித்துச் சொன்னால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.