காற்றில்லாத டயர்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேப்புக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒரே மாதத்தில் மூன்று முறை பஞ்சரால் தாமதமானேன். லேப் கொடுத்த மின்சார சைக்கிளில் மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருக்கிறது. ஒரு முள் குத்தினால் ஒயரைக் கழற்றி, சக்கரத்தை இறக்கி, ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம்.

உள்ளே தடித்த பட்டை வைத்த டயரும், ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம் ஊற்றிய டியூபும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டார்.

"காத்து இருந்தாதானேம்மா இறங்கும்? காத்தே இல்லாத டயர் வந்திருக்கு. முழு ரப்பர்."

மாட்டினார்கள். பஞ்சர் நின்றது. சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரிந்தது.

இரண்டாம் நாளே சாம்பிள்கள் கெட ஆரம்பித்தன. லேப் மெஷினில் குப்பியைச் சுழற்றியபின் மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிய வேண்டியது சிவப்பாக நின்றது. ஊசி சரியாகப் போடாவிட்டாலும் அப்படி ஆகும். அதனால் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் டீச்சர் வீட்டில், முந்தைய இரண்டு சாம்பிளும் கெட்டதால், மூன்றாம் முறையாகப் போய் நின்றேன். நரம்பே பிடிபடாத கை.

"வா வா. குத்தாத இடம் ஏதாவது பாக்கி இருக்கான்னு நீயே தேடிக்கோ."

என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அந்தச் சாம்பிளும் கெட்டது. இன்னொன்று கெட்டால் வேலை இல்லை என்று மேனேஜர் எழுத்தில் கொடுத்தார். வீட்டில் அம்மாவும் நானும். சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

என் இடது கையில் நானே குத்திக்கொண்டேன். ஒரே குத்து, இரண்டு குப்பிகள். ஒன்றை மேசையில் வைத்தேன். மற்றதை சைக்கிள் பெட்டியில் வைத்து வழக்கமான சுற்றைச் சுற்றி வந்தேன். இரண்டையும் சுழற்றி மேனேஜர் முன் வைத்தேன். மேசையில் இருந்தது தெளிவு. சைக்கிளில் போனது சிவப்பு.

"டயர் அதிருது சார். அதுல ரத்த அணு உடைஞ்சிடுது."

"டயருக்கும் ரத்தத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? உன் கையிலயே ஒண்ணு நல்லா எடுத்திருக்கே, ஒண்ணைக் கெடுத்திருக்கே. நிதானம் இல்லைன்னு நீயே காட்டிட்டே."

"ஒரே குத்து சார்..."

அவர் போனை எடுத்துவிட்டார். மற்ற நான்கு வண்டிகளுக்கும் அதே டயருக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டேன். அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்ளும்.

"கேரியர் எதுக்குடி இருக்கு? வண்டி உன்னைச் சுமக்குதா, நீ அதைச் சுமக்கிறியா?" என்றாள் அம்மா.

சாம்பிள்கள் தெளிந்தன. மாதக் கூட்டத்தில் மேனேஜர் என்னைச் சுட்டிக்காட்டினார். "ரெண்டு வார்த்தை கடுமையா சொன்னேன். கை தானா சரியாயிடுச்சு, பாத்தீங்களா?"

கூட்டம் முடிந்ததும் ஒரு கடிதத்தை நீட்டினார். டீச்சரின் மகன் அனுப்பிய புகாருக்குப் பதில். மூன்று முறையும் சாம்பிள் கெட்டதற்கு என் கவனக்குறைவே காரணம் என்று நான் எழுதியதுபோல் தட்டச்சு செய்திருந்தது.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தாம்மா. இதோட முடிஞ்சிடும். இல்லைன்னா மேலிடத்துக்குப் போகும்; அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை."

பேனாவையும் அவரே கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை.