தவளை முட்டையில் பெரியப்பா

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் பெரியப்பா, பெரியம்மா, தம்பி மகளான ஆராய்ச்சிக்காரி, அவளுடைய பேராசிரியர், பக்கத்து மேசைக்காரர், அப்புறம் ஒரு கிண்ணம் தவளை முட்டைகள். வேறு யாருமில்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிற சித்தப்பா அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

பெரியப்பா அழையாமல் வந்தவரல்ல. கல் அடைத்த அவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்தபோது, அதில் கெடாத ஒரு துண்டை அவர் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். செல்லின் மேல்தோலில் இருந்து சிறுநீரில் பொட்டாசியத்தைக் கழித்துவிடும் நுண்ணிய வாய்க்காலுக்கான மரபணுவை அந்தத் துண்டிலிருந்துதான் தம்பி மகள் நகலெடுத்தாள். அதை பாக்டீரியாவின் வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டிப் பெருக்கி, அதிலிருந்து செய்த ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டைக்குள் ஊசியால் ஏற்றினால், முட்டை தன் மேல்தோலில் அதே வாய்க்காலைக் கட்டும். பொட்டாசியம் ஓடினால் திரையில் கோடு இறங்கும்.

பெரியப்பா சிறைக் கண்காணிப்பாளராக இருந்தவர். அந்த வாய்க்கால் பொட்டாசியத்தை விடும், அதைவிடச் சிறிய சோடியத்தை விடாது என்று கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சின்ன ஆளு, நைசா நுழைஞ்சிடலாம்னா நடக்காது. உத்தரவு இருக்கணும். நம்ம வீட்டுக் கதவாச்சே."

"வீட்டுக் கதவத் தட்டுனா தொறக்கறது நான்தான்" என்றார் பெரியம்மா.

கோடு அன்று இறங்காவிட்டால் வேலையை மூடிவிட்டு, அளக்கும் கருவியைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் முன்பே சொல்லியிருந்தார். தம்பி மகளின் பட்டமே அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அளக்கும் கருவியின் கண்ணாடி முனைகள் முட்டைக்குள் இறங்கின. கோடு இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போலக் கிடந்தது. முட்டையை மாற்றினாள். அப்போதும் அதே கயிறு.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "வயசான சிறுநீரகம் பாருங்க. கதவு துருப்பிடிச்சிருக்கும்."

பெரியப்பாவின் முதுகு இன்னும் ஓரங்குலம் நிமிர்ந்தது. "என் காவல்ல துருப்பிடிச்ச கதவே கிடையாது தம்பி. ஏம்மா, கோளாறு உன் வேலையிலதான் இருக்கும். தேடு."

தம்பி மகளின் முகம் சுண்டியது. பெரியம்மா அவர் முழங்கையைக் கிள்ளினார்.

"அவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதான். யாரு மானத்தக் காப்பாத்த யாரு மானத்த வாங்குறீங்க?"

அதற்குள் 'தேடு' என்ற சொல் அவளுக்குள் போய் விழுந்துவிட்டது. மரபணுவின் இரண்டு முனைகளையும் ஒரே நொதியால் வெட்டியிருந்தாள். அப்படி வெட்டினால் துண்டு நேராகவும் ஒட்டும், தலைகீழாகவும் ஒட்டும்; தலைகீழாக ஒட்டினால் முட்டையில் வாய்க்காலே வராது. எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். "என் கதவு தொறந்துச்சா?" என்று பெரியப்பா தினமும் போன் செய்த அவசரத்தில், அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"சார், திசையைப் பாக்கல" என்றாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "ஒரு வாரம். அவ்வளவுதான்."

சோதித்தபோது மரபணு தலைகீழாகத்தான் ஒட்டியிருந்தது. அது நேராக ஒட்டியிருந்த வேறொரு பாக்டீரியாக் கூட்டத்தைத் தேடி எடுத்து, மறுபடி முட்டைகளில் ஏற்றினாள்.

அடுத்த வாரமும் அதே ஆட்கள் கூடினார்கள். முனைகள் இறங்கியதும் கோடு கிணற்றில் விட்ட வாளி போல இறங்கியது. வாய்க்காலை அடைக்கும் பேரியத்தைச் சொட்டினாள். கோடு எதிர்பார்த்தபடி மேலே வந்தது.

"வாய்க்கால்தான்" என்றார் பேராசிரியர். "கருவி இங்கேயே இருக்கட்டும்."

பக்கத்து மேசைக்காரருக்கு மனம் ஆறவில்லை. "அப்போ போன வாரம் தப்பு யாரோடது?"

தம்பி மகள் தலை குனிந்தாள். பெரியப்பா அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"என் சிறுநீரகத்தோடதுதான். பொறவியிலேயே அது கொஞ்சம் தலைகீழ்."

பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்தார். தங்கை தன் கணவரான சித்தப்பாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது.

பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் தலைகீழாக இருந்தது என்று உறவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எடுக்கும் நாள்வரை அது நேராகத்தான் இருந்தது.